வடம் பிடிக்கிறவர் எவடம்?

மொன்றியலில் கோடை என்பது மிஞ்சி மிஞ்சிப் போனால் மூன்று மாதம். அதற்குள் வீடு மாற வேண்டும், கலியாணம் வைக்க வேண்டும், கொல்லையில் நட்ட பாவற்காய் காய்க்க வேண்டும், கொடியேற்றித் தேரும் இழுத்து முடிக்க வேண்டும். இந்த மாதக் கேள்விப் பெட்டியில் முக்கால்வாசி திருவிழா. மீதி, கார் நிறுத்த இடம். இரண்டையும் கலந்தே எடுக்கிறேன்.

எங்கும் நிறைந்த சாமிக்கு ஊர்வலம் எதற்கு? இருக்கிற இடத்திலேயே இருந்தால் என்ன?
– செக்கண்டரி நாலு படிக்கும் தம்பி, லாவால்

கேள்வி பழசு, தம்பி. பதிலும் பழசுதான், ஆனால் அது புத்தகத்தில் இல்லை, சிலையின் காலடியில் இருக்கிறது. எந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குப் போனாலும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்றாவது இருக்கும். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீர் குனிந்து பீடத்தைப் பாரும். துளைகளும் வளையங்களும் இருக்கும். உள்ளே வைத்துப் பூட்டப் போகிற சிலைக்கு அவை எதற்கு? தண்டு கோத்துத் தோளில் தூக்குவதற்கு. வார்க்கும்போதே 'இவர் வெளியே போகிறவர்' என்று தீர்மானித்து வார்த்திருக்கிறார்கள்.

மூலவர் கல், அசையமாட்டார். அவரைத் தேடிப் போக முடியாதவர்கள் பட்டியல் எந்த ஊரிலும் நீளம்: படுக்கையில் கிடக்கிறவர், பிள்ளை பெற்ற வீட்டுக்காரி, துடக்கு என்று ஒதுங்கியவர், 'நீ வெளியில் நில்' என்று ஒரு காலத்தில் வாசலோடு நிறுத்தப்பட்டவர். அவர்களுக்காகத்தான் ஐம்பொன்னில் ஓர் உற்சவர். கோயில் கதவு மனிதர் கையில் இருப்பதால், சாமி தெருவுக்கு வருகிறது.

தேர் எதைக் குறிக்கிறது? ஒரு வரியில் சொல்லவும்.
– அவசரக்காரர், கோட்-தே-நேஜ்

ஒரு வரியில்: உலகத்தை.

அவசரம் இல்லாதவர்களுக்கு: திரிபுரத்தை எரிக்கச் சிவன் புறப்பட்டபோது செய்த தேரின் நகல் இது. பூமி தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரம், நாலு வேதமும் குதிரை, பிரமன் சாரதி. மேரு மலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு, அம்பின் நுனியில் அக்கினி. இவ்வளவு ஆயுதத்தோடு போனவர் கடைசியில் சிரித்தே எரித்துவிட்டார் என்பதுதான் கதையின் அழகு. இரும்பு, வெள்ளி, பொன் என்ற அந்த மூன்று கோட்டைகளையும் ஆணவம், கன்மம், மாயை என்று வாசிக்கிறது சைவம். திருமூலரும் அப்படித்தான் வாசித்தார். ஆகவே தேர்த்திருவிழா அழித்தல் தொழிலின் திருவிழா. அழிவது நம்முடைய மலம் என்பதால் யாரும் பயப்படாமல் போய் இழுக்கிறோம்.

இதில் ஒரு கிளைக்கதை மொன்றியல்காரருக்கென்றே எழுதியது. புறப்பட்ட அவசரத்தில் பிள்ளையாரைக் கும்பிட மறந்தார்கள். தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம், செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. நம்மூர்த் தெருக்களில் பனி உருகினதும் தோன்றும் குழிகளைப் பார்த்தால், சிவனுடைய தேர் இங்கே நாலு இடத்தில் அச்சிறுபாக்கம் உண்டாக்கியிருக்கும் என்று தோன்றும். அந்தக் குழிக்குப் பிரெஞ்சில் பெயர் 'நி-த-பூல்'. சொல்லுக்குச் சொல் தமிழில், கோழிக்கூடு. சேவற்கொடிக்காரன் உலா வருகிற தெருவில் கோழிக்கூடு இருப்பதைக் குறை சொல்ல நான் யார்?

கொடியேற்றத்தன்று எதைக் கட்டி எதை ஏற்றுகிறார்கள்? எனக்குக் கொடி மட்டும்தான் தெரிகிறது.
– பின்வரிசையில் நிற்கும் அக்கா, தொலார்-தே-ஓர்மோ

முன்வரிசைக்கு வந்தால் நாலு தெரியும், அக்கா. மரம் சிவம். மேலே போகிற கயிறு அருட்சக்தி. சீலை ஆன்மா, அதாவது நீங்களும் நானும். கூடவே சுற்றிக்கொண்டு போகிற தர்ப்பைக் கயிறு பாசம். ஆக, ஏறுவது நாம். இழுப்பது அருள். ஒட்டிக்கொண்டு வருவது மலம்.

பதினாலாம் நூற்றாண்டில் தில்லையில் கொடி ஏறாமல் அடம்பிடித்தபோது உமாபதி சிவம் பாடி ஏற்றினார் என்று ஒரு வரலாறு சொல்வார்கள். அந்தப் பாட்டுத்தான் கொடிக்கவி; சைவ சித்தாந்த சாத்திரம் பதினாலில் ஆகச் சின்னது. இங்கே கொடி ஏறாமல் நின்றால் ஏணியோடு ஓடிவர நாலு தம்பிமார் இருக்கிறார்கள். அதுவும் அருட்சக்தியில் சேர்த்திதான்.

நல்லூரில் ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடி, இருபத்துநாலாம் திருவிழா தேர் என்று கணக்கு. இங்கே மட்டும் தேர் எப்படிச் சனி, ஞாயிறில் வந்து விழுகிறது?
– ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

பஞ்சாங்கத்துக்கு அங்கம் அஞ்சு: திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம். கடல் தாண்டியபோது ஆறாவது ஒன்று முளைத்தது, வீக்கெண்ட். ஆகமப்படி தீர்த்த நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணிக் கொடியேற்றம் வைக்க வேண்டும். புலம்பெயர்ந்த கோயில்களில் பெரும்பாலும் தேர் நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். திங்கட்கிழமைத் தேருக்கு வடம் பிடிக்கக் குருக்களும் தவில்காரரும் மட்டும் வந்தால் ஆகமத்துக்கு என்ன சந்தோஷம்?

மொன்றியலுக்குத் தேர் எப்படி வந்தது? கப்பலிலா?
– குறும்புக்காரர், வில் சென் லோரன்

மரமும் சிற்பமும் கப்பலில் வரலாம். இழுக்கிற கைகள் வந்த கதை வேறு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீன்பிடிக்காரர் கரை சேர்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்திறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். ரொறன்ரோ இன்றைக்குப் பெரிய ஊர். ஆனால் எண்பதுகளில் நிறையப் பேருக்கு முதல் வாசல் மொன்றியல்தான்.

அவர்களோடு வந்தது ஒரு படம். சட்டைப் பையில் முருகன், பிள்ளையார், மடுமாதா, யாரோ ஒருவர். அந்தப் படம் அடுக்குமாடி வீட்டு அலுமாரித் தட்டில் ஏறியது. பிறகு வாடகை மண்டபம், பிறகு விக்கிரகம், பிறகு சொந்தக் காணி. தொலார்-தே-ஓர்மோவின் சென்-ரெஜிஸ் வீதியில் கியூபெக் சைவ மிஷனின் திருமுருகன் கோயில் நிற்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஜோன்-தலோன் வீதியில் துர்க்கை அம்மன். உலகெங்கும் நம்மவர் கோயில்களின் வளர்ச்சியில் பெரும்பாலும் தேர்தான் கடைசிப்படி. கோபுரம் கட்டக் காசு போதும். தேர் விடுவதற்குத் தெருவில் இறங்குகிற துணிவும் வேண்டும்: 'நாங்கள் போவதற்கு வந்தவர்கள் இல்லை' என்று ஊருக்குச் சொல்கிற துணிவு. ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மனுக்கு இன்றைய பெரிய கோயில் எழுந்தது 2002இல். ஊர்வலம் அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1993இலேயே தெருவில் இறங்கிவிட்டது. அவர்களுக்குத் துணிவு முதலில் வந்தது, கோபுரம் பின்னால் வந்தது.

தேரன்று பக்கத்து வீட்டுக் கியூபெக் தாத்தா 'இது என்ன பரேட்டா?' என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சு வரும், பதில் வரவில்லை.
– ஒரு மருமகள், பார்க் எக்ஸ்டென்ஷன்

அடுத்த முறை அவரிடம் ஒரே ஒரு சொல் சொல்லிப் பாருங்கள்: 'ஃபெத்-தியூ'. எழுபத்தைந்து தாண்டியவராக இருந்தால் முகம் மாறும்.

நம்முடைய நற்கருணைப் பவனிதான் அது. அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஜூன் மாதத்தில், இந்த மாகாணத்து ஊர்கள் எல்லாவற்றிலும் நடந்தது. குருவானவர் பொன் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை ஏந்தி வருவார். தலைக்கு மேல் விதானம். அதன் கால்களை ஊர்ப் பெரியவர்கள் பிடிப்பார்கள். பிடிப்பது பெருமை, அதற்குப் போட்டியும் உண்டு. முன்னால் பூத் தூவும் சிறுமிகள். வழியெங்கும் கொடி, வெட்டி நட்ட மரக்கிளை, வாசலில் புனிதர் படம். இடையில் ஒரு தற்காலிகப் பீடம் கட்டியிருப்பார்கள், 'ரெப்போசுவார்' என்று பெயர். பவனி அங்கே நின்று, ஆசீர் கொடுத்துவிட்டு நகரும்.

விதானத்தைக் குடை என்று சொல்லுங்கள், ரெப்போசுவாரை மண்டகப்படி என்று சொல்லுங்கள், மரக்கிளையை வாழைமரமாக மாற்றுங்கள். வேறென்ன வித்தியாசம்? 1910 செப்டம்பரில் உலக நற்கருணை மாநாடு இந்த நகரத்தில் நடந்தபோது பிரமாண்டமான பவனி ஒன்று போய், மோன்-ரோயால் மலையடிவாரத்துத் திடலில் முடிந்தது. அந்தத் திடல்தான் இன்றைய ஜான்-மான்ஸ் பூங்கா.

அறுபதுகளில் 'அமைதிப் புரட்சி' என்று ஒன்று வந்தது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் திருச்சபையின் கையைவிட்டு அரசின் கைக்குப் போயின. பவனிகள் ஒவ்வொன்றாக நின்றன. சென்-ஜோன்-பத்தீஸ் ஊர்வலத்தில் சுருட்டை முடிப் பையன் ஒருவன் ஆட்டுக்குட்டியோடு புனித அருளப்பராக உட்கார்ந்து வருவது வழக்கம். பையனுக்குப் பதில் சிலை வந்தது. 1969இல் அந்தச் சிலையையும் ஆர்ப்பாட்டக்காரர்கள் சாய்த்தார்கள். உங்கள் தாத்தா அந்தக் கூட்டத்தில் கல்லெறிந்தவராகவும் இருக்கலாம், கண் கலங்கியவராகவும் இருக்கலாம். எப்படியானாலும், அவர் தெருவில் அரை நூற்றாண்டாக ஒரு சாமி நடக்கவில்லை. இப்போது வேறொரு சாமி வருகிறது. அவர் வாசலில் நின்று பெயர் கேட்கிறார். மோர் கொடுங்கள், பேச்சுத் தானாக வரும். உப்பை மட்டும் குறையுங்கள்.

மகள் அரசுப் பள்ளியில் ஆசிரியை. 21ஆம் சட்டம் இருக்கையில் அவள் வடம் பிடிக்கலாமா?
– பயந்த அம்மா, பிரொசார்

2019இல் வந்த அந்தச் சட்டம் ஆசிரியர், பொலிஸ், அரசு வழக்கறிஞர் முதலானோர் வேலை நேரத்தில் மத அடையாளம் அணிவதைத் தடுக்கிறது. வடத்தை யாரும் அணிவதில்லை, அம்மா, பிடிக்கிறார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

சட்டத்தைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. தலைத்துணி கட்டிய ஒரு பெண் கணக்குப் படிப்பித்தால் கணக்கு மதம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சட்டமன்ற மண்டபத்தில் 1936 முதல் மாட்டியிருந்த சிலுவையையும் அதே 2019 ஜூலையில் இறக்கினார்கள். இந்த மண்ணுக்குத் தன் சாமியோடேயே தீராத வழக்கு இருக்கிறது. அதில் நாம் இடையில் வந்த சாட்சிகள்.

முட்டுக்கட்டைக்கும் மாமனாருக்கும் என்ன ஒற்றுமை?
– பெயர் போடவேண்டாம் என்றவர்

பெயர் போடவில்லை. மாமனாரும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்.

'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் திட்டுகிற அந்தக் கட்டையைத் தேர் ஓட்டத்தில் பார்த்தால் திட்ட மனம் வராது. புளியமரக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் சரியான கணத்தில் சரியான கோணத்தில் செருகுவார்கள். தேர் திரும்புவதும் அதனால்தான், நிற்பதும் அதனால்தான். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, எடை சுமார் 300 டன். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் கட்டைக்காரர் இல்லாமல் நாலு வீதி சுற்றி நிலைக்கு வராது. ஆயிரம் பேர் இழுக்கிறவர்கள். தேரின் உயிர் அந்தச் சிலர் கையில். மாமனாரிடம் இதை வாசித்துக் காட்டலாம்.

பெண்கள் வடம் பிடிக்கலாமா? அடுத்த கேள்வி, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமா?
– இரண்டு கேள்வி கேட்டவர், லாசால்

முதலாவதற்கு: போன கோடையில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளை காஞ்சிபுரச் சேலையை இழுத்துச் செருகி, காலில் ஓட்டச் சப்பாத்தோடு பிடித்தாள். வடம் ஒரு தரம் அதிர்ந்தபோது முன்னால் நின்ற இரண்டு வேட்டிகள் விட்டுவிட்டன. அவள் விடவில்லை. வேறு பதில் தேவையில்லை.

இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தேரின் தத்துவம் பேசுகிற எந்தப் புத்தகமும் சக்கரம், குதிரை, கலசம் என்று பட்டியல் போடும். வடத்தை மட்டும் தாண்டிப் போகும். என்னைக் கேட்டால், தேரில் ஆகப் பெரிய குறியீடு வடம். மேலே இருக்கிறவர் யார் என்பதில் ஊரில் சண்டை இல்லை. கீழே பிடிக்கிறவர் யார் என்பதில்தான் வெட்டுக்குத்து.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் தேர் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வடத்தில் கை உண்டா என்ற வழக்கு 1998 முதல் நீதிமன்றம் ஏறி இறங்கியது. தேர் ஆண்டுக்கணக்கில் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில், பெருங்காவலோடு ஓடியது. 'யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை' என்று சொல்ல வாயெடுக்கிறவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1968இல் மாவிட்டபுரத்தில் கந்தனைக் கும்பிட உள்ளே விடு என்று கேட்டவர்கள் வாசலில் அடிபட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2018இல், வரணியில் ஒரு அம்மன் கோயிலில் தேரை ஜேசிபி இயந்திரம் இழுத்தது. ஆட்கள் இல்லாமல் இல்லை. இருந்த ஆட்களின் கை வடத்தில் படக்கூடாது என்பதற்காக. மண் அள்ளுகிற யந்திரத்துக்குச் சாதி இல்லை என்று கண்டுபிடித்தவர்கள், மனிதருக்கும் அப்படித்தான் என்று கண்டுபிடிக்க இன்னும் எத்தனை தேர் ஓட வேண்டுமோ.

இங்கே? மொன்றியலில் வடம் பிடிக்க ஆள் தட்டுப்பாடு. அது ஒரு நல்ல சமத்துவவாதி. வருகிற கையெல்லாம் கைதான். எனக்கு அந்தப் பக்கம் பிடித்தவர் குஜராத்திக் கடைக்காரர், இந்தப் பக்கம் ஹெய்ட்டிக்காரர் ஒருவர். தெருவில் போனவர், சத்தம் பிடித்துப்போய்ச் சேர்ந்துகொண்டார். ஆனால் தேர் நிலைக்கு வந்து அன்னதானப் பந்தலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் பக்கத்திலிருக்கிறவர் மெதுவாகக் கேட்பார்: 'தம்பி ஊரில எவடம்?' ஊரின் பெயர் சொன்னால் அடுத்தது, 'அங்க எவடம்? கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?' எந்தத் திசை என்று சொன்னதும் அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு அமைதியாகிவிடுவார். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. 'எவடம்' என்ற சொல்லுக்குள்ளேயே வடம் இருப்பதைப் பாருங்கள். ஒரு கை தேரை இழுக்கிறது; இன்னொரு கை ஊரைப் பின்னால் இழுக்கிறது. அந்தக் கேள்வி உங்களிடம் வந்தால் 'ஜோன்-தலோனுக்கு வடக்கை, மெற்றோவுக்குப் பக்கத்தில' என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். அவர் எனக்கு இரண்டாம் தரம் பாயாசம் விடவில்லை.

தேரன்று கார் எங்கே நிறுத்துவது?
– பதினொரு பேர்

தேருக்கு நிலை உண்டு. காருக்கு இல்லை. 80ஆம் இலக்க பஸ் உண்டு.

சென்-லோரன் வீதியில் வெள்ளைக்காரர் இழுக்கிற தேரும் நம்முடைய தேரும் ஒன்றா?
– நடுநிலையாளர், பிளாத்தோ

அது பூரி ஜகந்நாதர் வழி, ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் இழுப்பது. 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு லொறியைத் தேராக்கித் தொடங்கியவர்கள் இன்று உலகமெங்கும் இழுக்கிறார்கள். மொன்றியலில் அது போய் முடிகிற இடம் ஜான்-மான்ஸ் பூங்கா. ஆம், 1910இன் நற்கருணை போய் முடிந்த அதே திடல். மலையடிவாரத்துக்கு ஏதோ ஒரு ராசி.

வித்தியாசம் கேட்டால்: பூரியில் மூன்று தேரையும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்வார்கள், ஜகந்நாதருக்கு 16 சக்கரம், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. அங்கே மூலவரே எழுந்து தேரில் ஏறிவிடுவார், உற்சவர் என்று தனியாக ஒருவரை அனுப்புவதில்லை. நாம் ஒரே தேரைத் தலைமுறைக்கும் வைத்துத் தைலம் பூசிக் காப்போம். ஆங்கிலேயர் பூரித் தேரைப் பார்த்து மிரண்டு, எதிரே வந்ததையெல்லாம் நசுக்கும் பூதத்துக்கு 'ஜகர்நாட்' என்று பெயர் வைத்தார்கள். கட்டைக்காரர் ஒருவரைச் சந்தித்திருந்தால் அந்தச் சொல் பிறந்தே இராது.

தேங்காய் உடைப்பது வீண் இல்லையா? ஒன்று மூன்று டொலர்.
– சிக்கனமானவர், பியர்போன்

மட்டை மாயை, தும்பு கன்மம், சிரட்டை ஆணவம், உள்ளே வெள்ளை பேரின்பம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று டொலருக்கு மும்மலமும் போகும் என்றால் மலிவு.

பாரிஸில் லா ஷப்பல் பக்கம் மாணிக்க விநாயகர் ஆலயத்தார் 1996 முதல் நடத்துகிற ஊர்வலத்தில், கடைக்குக் கடை வாசலில் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரர் படம் எடுப்பதற்கென்றே வருகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. இங்கே போன முறை கூட்டம் நகர்ந்ததும் பார்த்தேன்: தாரில் இளநீர் ஓடி வெயிலில் புளித்த வாசம். சிதறிய சொட்டுகளைப் பொறுக்க முந்துகிற இரண்டு பொடியள். சிரட்டைச் சில்லில் டயர் வெடித்துச் சபித்துக்கொண்டு நிற்கும் ஒரு சைக்கிள்காரர். அவரிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, கடகத்தில் சில்லுப் பொறுக்கியவர் ஓர் ஐயா. மேற்சட்டை இல்லை, வேட்டி தொடைக்கு மேல். அவர் உடைத்தாரா தெரியாது, கூட்டினார். மும்மலத்தை உடைக்கப் பலர் வருவார்கள், கூட்டுவதற்குச் சிலர்.

தார் ரோட்டில் பிரதட்டை செய்யலாமா?
– நேர்த்திக்காரர்

நல்லூரில் மணல், கிடந்து உருண்டால் உடம்பு சொல்வழி கேட்கும். ஜூலை மாதத் தார் கேட்காது. உருளுகிறவருக்கு முன்னால் வாளித் தண்ணீரோடு ஓடுகிற தம்பிமார் இருந்தால் செய்யுங்கள். அவர்கள் புண்ணியத்தில் உங்களை விட ஒரு படி மேலே போவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தேருக்கு முன்னால் ஒருவர் நீளத் தடியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறாரே, அவர் யார்?
– கவனிப்புள்ள பாட்டி

மின்கம்பியைக் கவனிக்கிறவர். அவரைப் பகிடியாகப் பார்க்காதீர்கள். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி விடியுமுன், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள், பிள்ளைகள் உட்பட. அந்தத் தடிக்காரர் சாமியைப் பார்ப்பதே இல்லை, கம்பியைத்தான் பார்க்கிறார். பிரசாதத்தை முதலில் அவருக்குக் கொடுங்கள்.

கடலில்லா ஊரில் தீர்த்தம் எப்படி?
– சந்தேகி

மொன்றியல் ஒரு தீவு, ஐயா. நாலு பக்கமும் தண்ணீர்! ஹம் நகரத்தில் அம்மன் சரக்குப் படகு போகிற கால்வாயில் தீர்த்தம் ஆடுகிறாள். மாவிட்டபுரத்துக்குக் கீரிமலை போல அவளுக்கு அது. கும்பத்தில் கங்கை முதல் காவேரி வரை ஏழு நதியையும் பெயர் சொல்லிக் குருக்கள் கூப்பிடுகிறார். சென்-லோரன்ஸ் நதிக்கு மட்டும் இன்னும் அழைப்பிதழ் போகவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிடாமல் விட்டால் நம் ஊரில் அதற்குப் பெயர் வேறு.

தேரால் இறங்கும்போது சாமிக்கு ஏன் பச்சை உடுத்துகிறார்கள்?
– தையற்கார அக்கா

போகும்போது அழிக்கப் போனவர்; வரும்போது ஆற வேண்டாமா? பச்சை சாத்துவது குளிர்ச்சி. திருச்செந்தூரில் சண்முகர் சிவப்பில் சிவனாகவும், வெள்ளையில் பிரமனாகவும், பச்சையில் திருமாலாகவும் வருவார் என்று கணக்கு வேறு. கோபமாக வீட்டைவிட்டுப் போனவர் உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்புவது நல்ல பழக்கம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முழங்கால் போய்விட்டது, மோனே. இரண்டாம் மாடி. போன முறை தேர்ச் சத்தம் மட்டும் கேட்டது. என்ன செய்ய?
– ஓர் அம்மம்மா, பார்க் எக்ஸ்டென்ஷன்

அம்மம்மா, இந்த ஊர் வீடுகளுக்கு இரும்புப் படி வெளியில்தானே தொங்குகிறது. பனிக்காலத்தில் நாம் எல்லோரும் திட்டுகிற படி. உங்களைப் போல் ஒருவரை நான் கண்டேன். கதிரையைப் பல்கனிக்குத் தூக்கி வைத்து, மடியில் தட்டம், தட்டத்தில் ஒரு தேங்காயும் வெத்திலையும், கற்பூரம் காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு தேத்தண்ணிக் கோப்பை கவிழ்த்தபடி. தேர் வாசலுக்கு நேரே நின்றது. மொன்றியலில் இரண்டாம் மாடிப் பல்கனியும் தேரில் சாமி இருக்கிற உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. கீழே நின்ற நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அவருக்குத்தான் நேருக்கு நேர்.

குருக்கள் தட்டம் வாங்க ஆள் அனுப்பினார். படியின் அடியில் கீழ்வீட்டுக்காரர், ஒரு கிரேக்கக் கிழவர், பியர்ப் போத்தலோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலைப் பின்னால் மறைத்து எழுந்து வழிவிட்டார். ஏறிப் போன பொடியன் தட்டத்தை வாங்கும்போது அம்மம்மா கேட்டது எனக்குக் கீழேவரை கேட்டது: 'கவனமடா, கோப்பை வேணும்.'

நீங்களும் கதிரையைத் தூக்கி வையுங்கள். இந்த முறை உங்கள் தெருவால்தான் வருகிறதாம்.